நடைமேடைக்கு இறங்கி வந்த வெயில்

எங்கள் நகரத்துச் சுரங்க ரயில் நிலையத்தை வடிவமைத்தவர் என் அண்ணி. அவருக்கு வரைபடம் வரைந்து கொடுத்தவன் நான். ஆகவே நான் சொல்வதில் பாதியைத் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம். மீதியே உங்கள் வாயைப் பிளக்க வைக்கும்.

எட்டு மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்த ஆழம் அது. சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை இறக்கவும், மண்ணை மேலே ஏற்றவும் முதலில் ஒரு பெரிய குழி வெட்டினார்கள். வேலை முடிந்ததும் அதைக் கான்கிரீட் போட்டு மூடிவிடுவதுதான் வழக்கம்.

"மூட வேண்டாம். அது வழியா வெயிலைக் கீழ கூட்டிட்டு வரலாம்," என்றார் அண்ணி.

குழியின் சுவரெங்கும் பளபளக்கும் வெள்ளை ஓடு பதித்தார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சாய்வு. மேலே விழும் வெயில் ஓட்டுக்கு ஓடு கைமாறி நடைமேடைக்கு வந்து சேர வேண்டும். அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க நான் வரைந்து கிழித்த தாள்களை ஒட்டினால் இன்னும் இரண்டு நிலையங்களுக்குக் கூரை போடலாம்.

தலைமைப் பொறியாளருக்கு நம்பிக்கை வரவில்லை. "உச்சிவெயில் நேரத்துல நானே வந்து பாக்கறேன். வெளிச்சம் வரலேன்னா நாளைக்கே மூடிடுவோம்," என்று சொல்லிவிட்டார்.

வந்தார். விளக்குகளை அணைத்தோம். மணி பன்னிரண்டு. நடைமேடையில் கும்மிருட்டு.

"என்னம்மா, உங்க சூரியன் இன்னைக்கு லீவா?"

அண்ணி அடுப்பில் பால் பொங்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை என் பக்கம் திரும்பியது இருட்டிலும் தெரிந்தது. ஓடினேன்.

மொத்தம் நானூறு படி. எண்ணிப் பார்த்தவர்கள் நூற்று அறுபது என்பார்கள். அவர்கள் ஓடி ஏறியதில்லை. மேலே போனால், குழியின் வாயை மறைத்துப் பெரிய தார்ப்பாய்! குழி வெட்டிய ஒப்பந்தக்காரர் கடைசிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், என்னய்யா பண்றே?"

"பெரியவரு கீழ நிக்கிறாருல்ல? தலையில வெயில் பட்டா என்னைத்தானே திட்டுவாரு? எனக்கும் மரியாதை தெரியும்யா."

"அவரு வந்ததே அந்த வெயிலைப் பாக்கத்தான்யா!"

"அடப்பாவிகளா! இதை யாராவது எங்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான். ஆளுக்கொரு பக்கமாகக் கயிற்றை அறுத்தோம். தார்ப்பாய் சரிந்தது. வெள்ளை ஓடுகளை வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டு வெயில் கீழே போனது.

நான் மூச்சிரைக்க இறங்கி வந்தபோது, ஜமக்காளம் விரித்தாற்போல் நடைமேடையில் வெயில் கிடந்தது. தலைமைப் பொறியாளரின் வழுக்கையில் பட்டுத் தெறித்ததே அடுத்த நிலையம் வரை போயிருக்கும். அவர் பாராட்டவில்லை. உள்ளங்கையை வெயிலில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு இது எங்க இருக்கும்?"

அண்ணி பத்தடி நடந்து ஒரு தூணருகே நின்றார். "இங்க."

"மூணு மணிக்கு?"

இன்னும் ஆறடி. "இங்க. கொஞ்சம் மங்கலா."

"சார், சாப்பாட்டுக்கு வண்டி காத்திருக்கு," என்றார் அவருடைய உதவியாளர்.

"போகச் சொல்லுங்க. குழி இப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு நாற்காலி கொண்டாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "அப்படியே எனக்கும் ஒண்ணு, தம்பி. ஆறு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன்."