வாரிசு என்ற கட்டத்தில்

என் அம்மா லாமி, கோசை என்கிற காராமணி வடை சுட்டு விற்கும் ரோடு சுக்கூக் பத்திரப் பணத்தில் போட்டது. பக்கத்துப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கானோ நகரத்திலிருந்து வடக்கே போகும் லாரிக்காரர்கள் அந்தப் பலகைக்குக் கீழே நிறுத்தித்தான் அதை வாங்கித் தின்கிறார்கள். ஒருவனாவது நிமிர்ந்து படித்திருப்பானா? எழுத்தே தெரியாத அம்மாதான் அது என்னவென்று பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் மாலத்திடம் கேட்டாள்.

ரோடு போட அரசாங்கம் ஜனங்களிடம் பணம் வாங்குகிறது, ஆனால் அது கடன் இல்லை என்றார் மாலம். பத்திரம் வாங்கியவர்களுக்கு ரோட்டில் பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடகை வரும், ஏழு வருஷம் கழித்து முதல் திரும்பும். வட்டி என்ற பேச்சே கிடையாது.

“கவர்மெண்டு எனக்கு வாடகை குடுக்குமா! இத்தனை வருஷமா நான்ல குடுத்துட்டிருக்கேன்!” என்று அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

வட்டி வாங்குவது பாவம் என்று பயந்து, பேங்குப் பக்கமே போகாமல் பால்பவுடர் டப்பாவில் பணம் சேர்த்தவள் அவள். நான் சும்மா இருக்கவில்லை.

“ஏழு வருஷத்துல வெலவாசி அதை முழுங்கிடும்மா. ஆடு வாங்கு.”

“ஆடு செத்துப்போகும். ரோடு சாகுமா?”

“குண்டும் குழியுமா ஆகுமில்ல?”

“ஆகட்டும். என் ரோட்டை ஏன்டா இப்படிப் போட்டு வச்சிருக்கீங்கன்னு போய்க் கேப்பேன். இப்ப கேக்க முடியுமா?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கோபம் விலைவாசி மேல் இல்லை. பத்திரம் எப்படியும் தம்பி சாபியுவுக்குத்தான் போகும் என்று நினைத்தேன். எங்களில் தாய் தலைப்பிள்ளையின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். நாலு பேர் முன்னால் தூக்கிக் கொஞ்சவும் மாட்டாள். மீறினால் வெட்கம் கெட்டவள் என்பார்கள். தலைப்பிள்ளை நான். அவன் “சாபியு, என் கண்ணே”. நான் “இந்தா, இவளே”. முப்பத்தாறு வருஷமாக இவளே. வழக்கம் அதுதான் என்று புத்திக்குத் தெரிகிறது. வயிற்றெரிச்சலுக்குத் தெரிய வேண்டுமே.

பத்திர விற்பனையின் கடைசி நாளில்தான் அதை விற்கும் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேஜையில் இருந்தவள் மொரேனிகே, தெற்கே இபாதானிலிருந்து புதிதாக வந்த பெண். எங்கள் பேச்சு அவளுக்கு வரும், வழக்கம் தெரியாது. விண்ணப்பத்தைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள்.

“வாரிசு யாரும்மா?”

அம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“சீக்கிரம்மா. ரெண்டு மணிக்கு மூடிடுவாங்க. இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு.”

“சாபியுன்னு எழுதுங்க” என்றேன் நான், வெடுக்கென்று.

அம்மா சட்டென்று தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். “அவனுக்குக் கடை இருக்கு. இது இவளுக்கு.”



“இவங்களா? பேரு சொல்லுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். நீயே சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை. சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு வார்த்தைதானே. நான் சொல்லவில்லை. பத்திரம் கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று கல்லாக உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அறுபது வயதுக்காரியை அப்படித் தவிக்க விடலாமா? ஆனால் எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் எங்கள் ஆள். விஷயம் புரிந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா முக்காட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

“கேக்கலம்மா” என்றாள் மொரேனிகே, பேனாவைப் பிடித்தபடி. “கொஞ்சம் சத்தமா.”

அம்மா முக்காட்டை விலக்கினாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

“ஹப்சத்து” என்றாள். அப்புறம் யாரும் கேட்காமலே, “ஹப்சத்து. என் மூத்த மக.”

“என்னம்மா?” என்றேன், கூப்பிட்டாளே என்று.