அப்பாசாமி விற்ற பிரஷ்

காஜா பேராங் கடைத்தெருவில் சவரச் சாமான் மட்டுமே விற்கிற கடை ஒன்று இருந்தது. சண்டைக்கு முன்னால் தோட்டத்துத் துரைமார் அங்கே வந்து வாசனைச் சோப்பும் சீமைக் கத்தியும் வாங்கிப் போவார்களாம். நான் பார்த்தது ஜப்பான்காரன் காலத்தில். அப்போது கடை வாசலிலேயே பச்சைத் தோல் அழுகுகிற வாடை அடிக்கும். புதிதாகச் சவரம் பழகுகிறவன் அங்கே போகலாமா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், மூக்கைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டு என்பேன். அன்று நானே என் கணவரோடு அங்கே போய் நின்றேன்.

அவர் பெயர் ஏகாம்பரம். ரோட்டு ஒபீசில் கணக்கெழுதுகிற கிராணி. நான் அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தேன். மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். தாடி அவர் கழுத்தை மறைத்திருந்தது. ஒபீசில் இருந்த ஜப்பான்காரன் முதலில் அதைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். பிறகு, பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், தாடியோடு நிற்கிறவன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போவான் என்று சொல்லிவிட்டான். அப்படிப் போன யாரும் எங்கள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சவரம் செய்கிற மருதமுத்துவும் போனவர்தான். மீசை அரும்பிய நாளிலிருந்து அவர் கைக்கே முகத்தைக் கொடுத்துப் பழகியவர் என் கணவர். தானாகக் கத்தி பிடிக்கத் தெரியாது.

வீட்டில் என் மாமனாரின் கத்தியும் பிரஷும் இருந்தன. பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருந்தது.

“மாமாவோட கத்தி சுத்தமா இருக்கே அத்தை,” என்றேன்.

“அதைத் தொட்டே, வயித்துல இருக்கறதுக்கு என்ன ஆகும்னு நெனைச்சியா? என் வீட்டுக் கத்தி அவன் மூஞ்சில படாது,” என்றார் என் மாமியார் சாரதாம்பாள்.

“அப்ப நான் சயாமுக்கே போறேம்மா,” என்றார் இவர். “அங்க தாடி இடுப்பு வரைக்கும் வளரும். உன் வழக்கத்துக்கு ஒரு கொறையும் வராது.”

அத்தை சிரிக்கவில்லை. தோலுரித்த ஊபிக்கிழங்கைச் சட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்: “கடையில வாங்கினா அது நம்ம வீட்டுக் கத்தி இல்லையே. வெளியவே வழிச்சுக்க. அந்தச் சாமான் எதுவும் நிலைப்படி தாண்டி உள்ள வரக்கூடாது.”

சாமிக்கும் வழக்கத்துக்கும் இப்படி ஒரு சந்து கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

கடைக்காரர் அப்பாசாமி இவரைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

“புதுசா பழகறீங்களா கிராணி? அப்ப என்கிட்ட வந்ததுதான் சரி. கண்ட எடத்துல வாங்கினா மூஞ்சி புண்ணாயிடும்.”

பெஞ்சில் ஒருவர் சரக்கைப் பரீட்சித்துப் பார்க்க முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். காதோரம் சொறி பிடித்துச் சீழ் கட்டியிருந்தது. அதே நுரைக் கொட்டாங்கச்சியைத்தான் அப்பாசாமி இவருக்காகவும் எடுத்தார். பனையெண்ணெயும் சாம்பலும் சேர்த்துக் காய்ச்சிய சோப்பு, மூக்குச்சளி நிறத்தில் கிடந்தது. அதில் காறித் துப்பிக் குழைத்தார்.

“தண்ணிப் பைப்பு ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கு. எச்சிலுக்கே நுரை நல்லா வரும்,” என்றார்.

நான் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

“மசக்கையா தங்கச்சி?” என்றார் அப்பாசாமி.

புது பிரஷ் ஒன்றை என் கணவரிடம் நீட்டினார். மயிரின் வேர்ப்பக்கம் தோல் துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது.

“இது என்ன மயிர்?” என்றார் இவர்.

“சீமைச் சரக்கு.”

“இப்பவும் சீமையிலேர்ந்து கப்பல் வருதா?”

“கேள்வியெல்லாம் ஒபீஸ்ல கேளுங்க கிராணி. இங்க தாடையைத் தூக்குங்க.”

கொதிக்க வைத்து எடுத்தால் ஆகாதா என்று நான் கேட்டேன். மயிர் உதிர்ந்துவிடும் என்றார். வீட்டுப் பானையில் கொதிக்க வைக்க அத்தை விடப்போவதுமில்லை.

கத்தியும் பிரஷும் எங்கள் கொல்லைப்புறக் குளியலறைத் தடுப்பில் செருகப்பட்டன. அங்கே நின்றுதான் அவர் தினமும் பழகினார். தாடைக்குக் கீழே வெட்டிக்கொள்வார், அந்த வெட்டின் மேலேயே மறுநாளும் பிரஷைத் தேய்ப்பார். பார்வையிடும் நாளன்று மழமழவென்று போய் வரிசையில் நின்றார். அதிகாரியின் கார் ஒபீஸ் வாசலில் நிற்காமலே போய்விட்டதாம்.

சயாம் போகவில்லை என்று அத்தை பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றினார்.

அந்த வாரமே வெட்டுப்பட்ட இடத்தில் கொப்புளம் ஒன்று வந்தது. வலிக்கவில்லை என்றார். நடுவில் கரி வைத்ததுபோல் கறுத்தது. பிறகு கழுத்து வீங்கி, காதும் தோளும் ஒன்றாகி, அவர் முகம் எனக்கே அடையாளம் தெரியாமல் போனது. அதிலிருந்து நீர் வடிந்து தலையணையோடு ஒட்டிக்கொள்ளும். நான் ஈரத்துணி வைத்துப் பிரித்தெடுப்பேன். காயத்துக்கு மருந்து கட்டுகிற ஆஸ்பத்திரி டிரெசர் கருணாகரன் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “புது பிரஷ் வாங்கினாரா?”

நோயில் செத்த ஆட்டின் மயிரை வேகவைக்காமல் பிரஷ் கட்டினால் இப்படி வரும் என்றார். ஊசி மருந்து இல்லை. ஜப்பான்காரனுக்கு மட்டும்தான் இருந்தது. காய்ச்சலில் இவர், தாடையைத் தூக்கட்டுமா என்று கேட்டபடியே கிடந்து செத்தார்.

வழக்கத்தை மீறினதால் வந்த வினை என்று துக்கத்துக்கு வந்தவர்கள் என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார்கள். அத்தை மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பாசாமி வெற்றிலையை மென்றுகொண்டு கொல்லைப்புறமாக வந்தார். கிராணி நல்ல மனுஷர் என்றார். பிறகு தடுப்பை எட்டிப் பார்த்தார்.

“அந்த பிரஷ் சும்மாதானே கெடக்கு தங்கச்சி. சரக்குக்குத் தட்டுப்பாடு. கழுவிட்டா புதுசுதான். புதுசா பழகறவங்க யாருக்காவது ஆவும்.”

அத்தை எழுந்து கைகழுவுகிற இடத்துக்குப் போய், வாயில் ஒன்றுமில்லாமலே துப்பினார்.

நான் துணி வேகவைக்கிற அடுப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. இடுக்கியால் பிரஷைப் பிடித்து எடுத்துவந்து அதற்குள் போட்டேன். மயிர் சுருண்டு பொரிந்தது. ஒட்டியிருந்த தோல் துணுக்கு கொழுப்பு உருகிச் சீறியது. மஞ்சளும் கறுப்புமாகப் புகை கிளம்பி அப்பாசாமியின் பக்கமாகத் திரும்பியது.

அவர் தோள்துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சீ, என்ன நாத்தம்,” என்றார்.

நான் விறகை இன்னும் உள்ளே தள்ளினேன்.