கொடுத்தவர் பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மீட்டிங்கில் கிடைத்தது. மேடவாக்கத்தில், அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி புக் செய்து தரும் கம்பெனி. முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

ஏப்ரல் வெயிலில் மேடவாக்கம் தகித்துக்கொண்டி

வேண்டாம். வெயிலில் ஆரம்பித்த கதைகள் என்னிடமே நாலைந்து கிடக்கின்றன.

2

(கொஞ்சம் பாடம். தெரிந்தவர்கள் தாண்டிவிடலாம்.) டேட்டாபேஸுக்குள் சில வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். ப்ரொசீஜர் என்று பெயர். ஓட்டினால் வேலை முடிந்துவிடும். ஆனால் எல்லோரும் ஓட்ட முடியாது. அனுமதிகளை டேட்டாபேஸ் தனக்குள்ளேயே ஒரு டேபிளில் குறித்துக்கொள்ளும்: யாருக்கு, எந்த ப்ரொசீஜர், ஓட்ட மட்டுமா மாற்றவுமா, கொடுத்தவர் யார். கொடுக்கச் சொன்னவர் யார் என்பதற்கு அதில் இடம் கிடையாது.

3

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் ஹெப்சி. புக்கிங்குகளை மொத்தமாக ரத்து செய்யும் ப்ரொசீஜரை ஓட்ட, புகார் பிரிவு எலியேசருக்கு அனுமதி கொடுக்கச் சொன்னார் மேனேஜர்.

"சார், அவருக்குப் பழக்கமில்ல. ஏரியா போடாம விட்டா எல்லாமே கேன்சல் ஆயிடும்."

"குடும்மா. ஏதாச்சும்னா நான் பாத்துக்கறேன்."

கொடுத்தாள். சனிக்கிழமை அஸ்தினாபுரம் லாரி பழுதானது. அந்த ஏரியாவை மட்டும் ரத்து செய்யப்போன எலியேசர் ஏரியா பெயரைப் போட மறந்தார். ஞாயிறு ஒரு லாரியும் கிளம்பவில்லை. நானூறு வீடுகளில் தண்ணீர் இல்லை.

(மேனேஜர் பாத்திரம் சரியாக அமையவே இல்லை. மீசை வைத்துப் பார்த்தேன், வழுக்கை வைத்துப் பார்த்தேன். ம்ஹூம்.)

4

திங்கட்கிழமை மீட்டிங்கில் முதலாளி தனசேகர் கேட்டார்: "இவருக்கு யார் பெர்மிஷன் குடுத்தது? பதினோரு மணிக்குள்ள பேர் வேணும். அந்த ஆளு நாளைலேர்ந்து வர வேணாம்."

"ஹெப்சி, நீதானம்மா..." என்று இழுத்தார் எலியேசர்.

அவள் லேப்டாப்பில் அனுமதி டேபிளின் அந்த வரி திறந்திருக்கிறது. கொடுத்தவர், ஹெப்சி. அதை அழிக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு.

முடிவு அ: அழிக்கிறாள். எலியேசர் அனுமதியில்லாமல் உள்ளே புகுந்தவர் ஆகிறார். அவர் வேலை போகிறது.

முடிவு ஆ: காட்டுகிறாள். அவள் வேலை போகிறது.

முடிவு இ: மேனேஜர் எழுந்து, "நான்தான் சார் குடுக்கச் சொ

இதை நான்கு தடவை எழுதினேன், இதற்கு மேல் போகவில்லை. அன்று அந்த அறையிலும் இந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

5

அதனால் என் நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன். உட்காருங்கள். மணி பத்து ஐம்பத்தைந்து. ஹெப்சி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

"சார்," என்கிறாள். "சொல்லுங்க சார்."