பாலம் தாண்டினாலும் அதே மணிக்கூடு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் பஸ் கொம்பனி முதலாளி செல்வரட்ணம் அண்ணை எல்லோரிடமும் சொல்லுவார். கமலாம்பிகை ஓட்டினால் பஸ் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரும் என்றும் அதே ஆள்தான் சொல்லுவார். இரண்டும் உண்மை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம், வெக்ஸ்போர்ட்டில் அருள்நாயகம் அண்ணை வீட்டு வாசலில் பஸ்ஸோடு நின்றேன். அவருடைய மகன் ராகுலனுக்கு மறுநாள் காலை ஆறரைக்கு எல்லைக்கு அப்பால் நியூ ஜெர்சியில் தாலிகட்டு. ராகுகாலம் கழிந்து பத்தரைக்குப் பின் வெளிக்கிடுவதாக ஏற்பாடு. அதில் எனக்கு மறுப்பில்லை. நானும் ராகுகாலத்தில் புதுச் சேலை கட்டமாட்டேன்.

வெளிக்கிடும் நேரத்தில்தான் மனிதர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“தங்கச்சி, முதல்ல விட்பிக்கு விடுங்கோ. அங்க இருக்கிற என்ர பெரியக்கா ஆக்களை ஏத்திக்கொண்டு, றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டு, அப்பிடியே நயாகராவுக்குப் போவம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்பி ஒரு பக்கம், நயாகரா மறுபக்கம். ஊரையே ஒரு சுற்றுச் சுற்றச் சொல்கிறார்.

“அண்ணை, நேர போனாலே ஒன்பது மணித்தியால ஓட்டம். அமெரிக்காவில பத்துக்கு மேல சாரதி ஓட்டேலாது. பிறகு எட்டு மணித்தியாலம் படுத்தெழும்பித்தான் பஸ் திறப்பைத் தொடலாம். உங்கட ஊர்வலத்துக்கு ரெண்டு மணித்தியாலம் போனா, நான் ரோட்டுக்கரையில நிப்பன். மாப்பிள்ளையும் என்னோட நிப்பார். தாலி ஆர் கட்டுறது?”

வழியனுப்ப வந்திருந்த செல்வரட்ணம் அண்ணை குறுக்கே வந்தார். “இங்க பதின்மூண்டு ஓடலாம் கமலா. நயாகரா எல்லைப் பாலம் வரைக்கும் எங்கட சட்டம், அங்கால அவங்கட சட்டம். விட்பி ஓட்டம் எங்கட கணக்கில போகும்.”

“பாலத்தில புது மணிக்கூடு ஒண்டும் தரமாட்டாங்கள் அண்ணை. இங்க ஓடினதையும் சேர்த்துத்தான் எண்ணுவாங்கள். என்ர கண்ணுக்கு இந்த நாடு, அந்த நாடு தெரியாது, நித்திரைதான் தெரியும். இந்த வாசலில இருந்தே எனக்குப் பத்துத்தான்.”

“நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்க உதென்ன பேச்சு? வேற சாரதியைக் கூப்பிடுங்கோ!” என்று கத்தினார் அருள்நாயகம் அண்ணை.

பஸ் திறப்பை முதலாளியிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

மாப்பிள்ளைதான் வாய் திறந்தான். “அப்பா, என்ர சிநேகிதன் பரணி வான் வச்சிருக்கிறான். அவன் பெரிய மாமி ஆக்களைக் கூட்டிக்கொண்டு நேர நயாகராவுக்கு வரட்டும். கமலா அன்ரி சொல்றது சரி.”

“அப்ப பிள்ளையார்?”

ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த என் குட்டிப் பிள்ளையாரைக் காட்டினேன். “இவரும் றிச்மண்ட் ஹில்லில அருச்சனை செய்து கொண்டுவந்தவர்தான். இவருக்கு உடையுங்கோ.”

பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் தேங்காய் உடைந்தது. சரிபாதி, நல்ல சகுனம். ஆனாலும் அருள்நாயகம் அண்ணையின் முகம் கடுகடுவென்றே இருந்தது. எனக்குப் பின்சீற்றில் வந்து உட்கார்ந்தார். நயாகராவில் வானிலிருந்து ஏறிய பெரியக்கா, தன்னை வீட்டு வாசலில் வந்து ஏற்றவில்லை என்று எல்லை வரைக்கும் முணுமுணுத்தார்.

எல்லை தாண்டி மலைப்பாதையில் ஒரு லொறி குடைசாய்ந்து கிடந்தது. முக்கால் மணித்தியாலம் ஊர்ந்தோம். ஊர்ந்தாலும் அதுவும் என் பத்து மணித்தியாலக் கணக்கில் ஓட்டம்தான். அருள்நாயகம் அண்ணை கைமணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

“தங்கச்சி, போய்ச் சேருவமோ?”

“நேர வந்தபடியா சேருவம்.”

அவர் கண்ணை மூடிக் கும்பிடுவதைக் கண்ணாடியில் கண்டேன். பாவமாக இருந்தது. ஒரே மகன். குத்திக்காட்ட இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தேன், விழுங்கிவிட்டேன்.

இருட்டி, மண்டப வாசலில் பஸ்ஸை நிறுத்தியபோது என் பத்து மணித்தியாலத்தில் கால் மணித்தியாலம் மட்டும் மிச்சம். பெண்ணின் தகப்பன் இராசரத்தினம் ஓடிவந்தார்.

“வாங்கோ, வாங்கோ! தங்குற ஹோட்டல் இருவது நிமிச ஓட்டம்தான். அப்பிடியே இந்த பஸ்ஸிலயே எல்லாரையும் கொண்டுபோய் இறக்கிவிடட்டும்.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அருள்நாயகம் அண்ணை பஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“பஸ் அசையாது சம்பந்தி. தங்கச்சியின்ர நேரம் முடிஞ்சுது. உங்கட கார்களைக் கூப்பிடுங்கோ.”

“நான் இறங்கமாட்டன் தம்பி, கால் வீங்கிப்போச்சு,” என்றார் உள்ளேயிருந்து பெரியக்கா.

“இறங்குங்கோ அக்கா.”

அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கி, அவருடைய பெரிய பெட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு போனார். என் நீளமான வாய்க்கு அன்றைக்குத்தான் வேலையில்லாமல் போயிற்று.