பெட்டித்துணி

நுரை கண்ணாடிக் கதவை முழுசாக மறைத்துவிட்டது. பொடி போடும் தட்டு வழியாகவும் பிதுங்கி, வாஷிங் மெஷினின் முகமெல்லாம் வழிந்து குளியலறைத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. ஆரோக்கியநாதன் குனிந்து கதவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. மெஷின் ஒரு தரம் செருமிவிட்டு நின்றுபோனது. சின்னத் திரையில் ஏதோ எழுத்து மினுக்கியது.

"எம்புட்டுக்கா போட்ட?" என்று கேட்டார்.

"ரெண்டு கை அள்ளித்தான் போட்டேன். வாளிக்கு அம்புட்டுதான போடுவோம்," என்றாள் அவருடைய அக்கா சூசையம்மாள்.

முன்னறையில் அவர் மனைவி ஆனிமேரி ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். முந்தின நாள் மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், ஆட்டோவில் ஏற்றுவதற்குள் போய்விட்டாள். இன்று நாலு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. வந்தவர்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, புருஷன்காரன் குளியலறையில் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? பேசத்தான் செய்தார்கள்.

விஷயம் இதுதான். காலையில் கோயில்பிள்ளை சவரிமுத்து வந்து மாலை போட்டுக் கும்பிட்டார். கோயிலில் மணி அடிப்பது, பீடத்துக்குப் பூ வைப்பது, குழி வெட்ட ஆள் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. கும்பிட்டுவிட்டுப் போகாமல் வாசலிலேயே தயங்கி நின்றார். பிறகு ஆரோக்கியநாதனைத் தனியே கூப்பிட்டு, பெட்டித்துணி மேரியக்காவிடம் இருக்கிறது என்றார்.

"எந்தத் துணி?"

"அடக்கப் பூசையில பெட்டி மேல போத்துவோம்ல சார், பெரிய சிலுவை வச்ச வெள்ளைத் துணி. கோயிலுக்கு அது ஒண்ணுதான். ஒவ்வொரு அடக்கம் முடிஞ்சதும் அக்காட்டதான் குடுப்பேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

தெரியாது. கோயில் துணி துவைக்கிறாள் என்பது மட்டும் தெரியும். பீடத்து விரிப்பு, சாமியார் அங்கி என்று நினைத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காகிதம் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பேர் வாங்கியவர். தன் வீட்டு மெஷினுக்குள் என்ன சுற்றுகிறது என்று மட்டும் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

துணி மெஷினுக்குள்ளேயே கிடந்தது. பக்கத்தில் சோப்பு லிக்விட் பாட்டில் காலியாகிக் கவிழ்ந்திருந்தது. புதுசு வாங்கிவந்து ஓட்டலாம் என்று போட்டு வைத்திருக்கிறாள் போல. கடைசியாக அடக்கமான யாருக்கோ போர்த்தியது. மெழுகைச் சுரண்டிய தடம், செவ்வந்திக் கறை, ஓரமெல்லாம் கல்லறைச் செம்மண். சூசையம்மாள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"எழவுத் துணியவா சோறு திங்குற வீட்டுக்குள்ள கொண்டாந்தா? நீங்க உடுத்துற துணி போடுற மிசின்லயா?"

சவரிமுத்து குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்டுக்காரருக்கும் இதத்தான்க்கா போத்துனோம். எம்புட்டு வெள்ளையா இருக்குன்னு அன்னைக்கு நீங்கதான் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே போய்ப் பொடியை அள்ளிப் போட்டு மெஷினை முடுக்கியதும் அவள்தான். நல்ல மனசோடுதான் செய்தாள். கைத்துவையல் பொடிதான் தப்பு.

ஆரோக்கியநாதன் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார். துணியின் ஒரு நூல்கூடக் கண்ணுக்குப் படவில்லை. இந்த மெஷினை மகன் ஜெர்சன் வாங்கிக் கொடுத்த புதிதில் அவர் ஆனிமேரியைப் போட்டுக் கேலி செய்வார். நுரையே வரவில்லையே, தண்ணீரில் நனைத்து எடுப்பதற்கா இவ்வளவு விலை என்பார். அவள் அசரமாட்டாள். "நுரை மெத்தை மாதிரி நின்னுக்கும்ங்க. துணி மேல போய்க் கீழ விழுந்து அடிபடணும். மெத்தையில விழுந்தா எங்க அடிபட?" என்பாள். அன்று அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெர்சனுக்குப் போன் போட்டார். பஸ் வாடிப்பட்டியைத் தாண்டிவிட்டதாம். தண்ணீரை வெளியேற்றிவிட்டு, நுரை அடங்கும்வரை வெறும் அலசல் மட்டும் ஓட்டச் சொன்னான். பிறகு ஃப்ரண்ட் லோடு லிக்விட் வாங்கி, ஒரு மூடி அளந்து ஊற்றி மறுபடி ஓட்ட வேண்டும்.

"நான் தனியா ரூம் எடுத்தப்ப அம்மாதான்ப்பா இதெல்லாம் சொல்லிக்குடுத்துச்சு," என்றான்.

அலசி அலசி நுரை வடிந்தது. கறை அப்படியே இருந்தது. கடைக்கு யாரையாவது அனுப்பலாம் என்றார்கள். ஆரோக்கியநாதன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நானே போயிட்டு வாரேன்."

அரசரடிப் பக்கத்துக் கடையில் ஒரு சுவர் முழுக்க சோப்பு. கைத்துவையலுக்கு ஒன்று, டாப் லோடுக்கு ஒன்று, ஃப்ரண்ட் லோடுக்கு ஒன்று. மல்லிகை வாசனை, ரோஜா வாசனை, வாளி இலவசம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆபீசில் கோப்பு பார்ப்பதுபோல ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பிப் படித்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கடையில் வேலை பார்க்கும் ரோகிணி அவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன சார், அம்மா வரலையா?"

"வரலம்மா."

அவள் கீழ்த்தட்டிலிருந்து பூப்படம் எதுவும் இல்லாத ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். "இதத்தான் எடுப்பாங்க. மூடியத் திறந்து மோந்து பாத்துட்டுத்தான் வாங்குவாங்க. வாசனை இருக்கவே கூடாதாம். ஒருத்தர் வாசம் அடுத்தவங்க மேல ஒட்டக்கூடாதுல்ல புள்ளன்னு சொல்வாங்க. எனக்குத்தான் அது என்னன்னு வெளங்கல சார்."

அவருக்கு விளங்கியது. பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

ஒரு மூடிதான் ஊற்றினார். மெஷின் ஓடத் தொடங்கியதும் அவள் எப்போதும் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். நுரை என்று சொல்ல எதுவும் இல்லை. துணி மெல்ல மேலே ஏறியது, விழுந்தது. மறுபடி ஏறியது, விழுந்தது. தங்க நூல் சிலுவை கண்ணாடிக்கு வந்து வந்து மறைந்தது. அவரை வேலைக்கு எடுத்த தலைமையாசிரியர், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, அக்கா புருஷன், அவரைப் பெற்றவள் — எல்லோரையும் மூடிய துணி. ஒவ்வொரு தடவையும் இந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. இவர் எழவு வீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே உடுப்பைக் களைந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். அப்படிப்பட்ட மனுஷனிடம் சொல்ல வேண்டாமென்று, அவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்து மெழுகைக் கரண்டியால் சுரண்டியிருக்கிறாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பொம்பளை இவ்வளவு பெரிய மனுஷியா என்று அவருக்கு மேனி சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

மெஷின் பாட்டுப் பாடி முடித்ததும் கதவைத் திறந்தார். கறை போயிருந்தது. சூசையம்மாள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அதை மொட்டைமாடியில் விரித்துப் போட்டார்கள். மதுரை வெயில் நேரம் கடத்தவில்லை. அவளே உட்கார்ந்து, ஓரம் விடாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஜெர்சனும் வந்து சேர்ந்துவிட்டான். சவரிமுத்து கை நீட்டியபோது ஆரோக்கியநாதனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, துணியின் ஒரு மூலையை உள்ளே விட்டு, உள்ளங்கையால் வாயை மூடிக் குலுக்கினார். அவள் அப்படிச் செய்யும்போதெல்லாம் என்ன கஷாயம் போடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். சோப்பு மிச்சமிருந்தால் நுரை காட்டிக் கொடுத்துவிடும் என்பாள்.

"தேச்சத மறுபடியும் நனைச்சிட்டியேடா," என்றாள் அக்கா.

டம்ளரில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

கோயிலில் பெட்டியை மூடி அந்தத் துணியைப் போர்த்தினார்கள். பாட்டு ஏறியது, சாம்பிராணி ஏறியது. அவர் கண் அந்த ஈர மூலை மேலேயே இருந்தது. அவள் கால்மாட்டில், மின்விசிறிக் காற்றில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். பீடத்து விரிப்பு, சாமியார் அங்கி, பூசைக்கு உதவும் பிள்ளைகளின் உடுப்பு எல்லாம் வெள்ளை. எல்லாம் அவள் கையில் இருந்து வந்தவை. ஆசீர்வாதம் முடிந்து பெட்டியைத் தூக்கியபோது, எந்த மூலையை நனைத்தோம் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்லறையில் குழிக்குள் இறக்குவதற்கு முன் சவரிமுத்து துணியை எடுத்து மடித்தார். மடித்தவர் வழக்கம்போல மேரியக்காவைத் தேடி ஒரு பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஆரோக்கியநாதன் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். துணியின் ஓரத்தில் புதுச் செம்மண் ஒட்டியிருந்தது.