கண்ணிலிருந்து இறங்கியவர்கள்

கருவிழி கூம்பாகப் பிதுங்கிய கூம்புக் கண்காரர்களுக்கு லென்ஸ் சரியாகப் பொருந்திவிட்டால், அதுவரை ஒன்றைப் பலவாகக் காட்டிய உபரி உருவங்கள் கண்ணிலிருந்து இறங்கி, காத்திருக்கும் அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தூத்துக்குடியில் லென்ஸ் பொருத்தும் ஜெசிந்தாவின் கிளினிக்கில் பெரும்பாலும் நிலாவும் தெருவிளக்கும்தான் இறங்கும். ஒருமுறை ஒரு கண்டக்டரிடமிருந்து நாலு பஸ் இறங்கி வாசலை அடைத்துக்கொண்டது. யாரும் கேட்டு வராதவற்றை அவள் அலமாரியில் ஏற்றிவிடுவாள்.

அன்று வந்த முத்துக்கனிக்கு வலது கண்ணில் ஏழு மகள்கள் தெரிந்தார்கள். பெற்றது என்னவோ ஒன்றுதான். ஏழு மாதக் குழந்தை, எதிரே அப்பா மடியில் விரல் சப்பிக்கொண்டிருந்தது.

“எம்பிள்ள மொகம் எப்படியிருக்கும்னே தெரியாதுக்கா. முத்தங் குடுத்தா காத்துல போவுது.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஜெசிந்தா கிண்ணம் மாதிரியிருந்த லென்ஸில் சாயம் கலந்த உப்புநீரை விளிம்புவரை நிரப்பி, குமிழி விழாமல் வலது கண்ணில் ஏற்றினாள். நீல வெளிச்சத்தில் பார்த்தாள்; சாயம் பச்சையாக மின்னியது. பச்சைக் கடலுக்கடியில் மலை மாதிரி நின்றது கூம்பு. அதன் நுனியை லென்ஸ் தொடவில்லை; நடுவே மயிரிழை அளவு நீர் இருந்தது. இருபது வருடமாகப் பார்க்கிறாள், இன்றும் கும்பிடத்தான் தோன்றியது.

பிறகு கண்ணாடிச் சில்லுகளைக் கண்ணெதிரே மாற்றி மாற்றிப் பிடித்து, வாய்ப் பழக்கமாகக் கேட்டாள்.

“இது தெளிவா, அது தெளிவா?”

எழுத்துப் பலகையைக் காட்டிக் கேட்க வேண்டிய கேள்வி அது. முத்துக்கனியோ குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரும்போதே அலமாரியையும் பார்த்திருந்தாள். எந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள என்று கேட்பதாக நினைத்தாள்.

“ஒண்ணச் சொல்லும்மா.”

“எல்லாம் எம்பிள்ளதாங்க்கா. ஒருத்தியையும் அலமாரில ஏத்த விடமாட்டேன்.”

“யாரு ஏத்தப் போறா? நீ கூட்டிட்டுப் போனா உம்பிள்ளதான்.”

“அப்ப, இது” என்றாள் முத்துக்கனி.

ஆறு குழந்தைகள் ஒவ்வொன்றாக இறங்கித் தவழ்ந்து வெளியே போயின. மடியில் ஒருத்தி மட்டும் இருந்தாள்.

முத்துக்கனி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

“ஆத்தாடி! கன்னத்துல குழி விழுதுக்கா!”

முத்தம் குறி தப்பாமல் அந்தக் குழியிலேயே விழுந்தது.

வெளியே ஆறு பேரும் பசியில் வீறிட்டார்கள். முத்துக்கனி போய் ஒவ்வொருத்தியாகத் தூக்கி, ஒரு முத்தமும் வீணாகாமல் கொடுத்து முடித்துவிட்டு, வாசலில் நின்று கேட்டாள்.

“எடது கண்ணுல இன்னும் எட்டுப் பேரு இருக்காளுவ. அவளுவள எப்பக்கா எறக்கலாம்?”

“வியாழக்கிழமை. வேன் பிடிச்சு வாங்க” என்றாள் ஜெசிந்தா.