நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு. அதற்குள் சாய்ப்ரியா பதில் சொல்லியாக வேண்டும்.

"நாலு இருபதுக்கு போன் பண்ணுவேன். சரின்னா சரி, இல்லைன்னா இல்லை," என்று காலையிலேயே அம்மா கெடு வைத்துவிட்டாள். "இன்னொண்ணு கண்ணு. அந்தத் தம்பிகிட்ட எதையும் குத்தம் கண்டுபிடிச்சுப் போடாதே. பெருந்துறைக்காரங்க கதை ஞாபகம் இருக்குதல்ல?"

மறக்குமா? பெருந்துறை மாப்பிள்ளை புத்தம் புதுக் காரில் அவளை ஒரு சுற்று அழைத்துப் போனான். இறங்கும்போது, "வண்டி லேசா இடது பக்கம் இழுக்குதுங்க. அலைன்மென்ட் பாத்துருங்க," என்றாள். இழுத்தது உண்மை. மறுநாளே தரகர் போன் செய்தார். "பொண்ணு கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசுதாமுங்க."

சாய்ப்ரியா என்ன செய்வாள்? சின்னியம்பாளையத்துப் பக்கம் பம்ப் மோட்டார் ஆலையில் தரப் பரிசோதகர் வேலை. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே அதன் வேகத்தைச் சொல்லிவிடுவாள். சத்தம் சரியில்லையா, சிவப்பு அட்டை மாட்டி ஒதுக்கிவிடுவாள். ஏழு வருடமாக அதற்குத்தான் சம்பளம்.

ஆனால் இப்போது வந்திருக்கும் வரன், இந்த ஹர்ஷாவை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் வம்பு.

சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை, போத்தனூரில் சொந்த வீடு, அப்பா இல்லை, அம்மா மட்டும். முதல் சந்திப்பில் அவனுக்கு ஆம்பியன்ட் எலக்ட்ரானிக் இசை, அதாவது பாட்டில்லாமல் மெல்லப் படர்கிற கருவி இசை, என்றால் உயிர் என்று தெரிந்தது. அவளுக்குக் காதல் காமெடிப் படம் என்றால் உயிர். "அப்ப ஒரு நாள் உங்க படத்தை நான் பாக்கறேன், என் இசைத்தட்டை நீங்க கேளுங்க," என்றான். இரண்டு குடும்பமும் சேர்ந்து அதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடாக்கிவிட்டன. படம், மதியச் சாப்பாடு, இசைத்தட்டு, பதில்.

படத்தை அவள் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தாயிற்று. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒருத்தி. நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்தும், அவளுக்காகவே தெரியாத மாதிரி நடித்து வகுப்பில் சேரும் ஒருவன். அவன் நடிக்கிறான் என்று இரண்டாவது நாளே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி அவள் நடிக்கிறாள். இப்படியே இரண்டேகால் மணி நேரம்.

மூன்றாவது முறை சாய்ப்ரியா திரையைப் பார்க்கவில்லை. ஹர்ஷாவைப் பார்த்தாள். நாயகன் வேண்டுமென்றே பின்பக்கமாக வண்டியை எடுத்து இளநீர்க் கடையில் இடித்த இடத்தில் அவன் வெடித்துச் சிரித்தான். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அவன் கவலைப்படவில்லை.

"மலைப்பாதையில அந்த சீன் இருக்குதல்லங்க," வெளியே வந்ததும் அவனே ஆரம்பித்தான். "ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருப்பாங்க. பின்னணி இசையைச் சுத்தமா நிறுத்திப்போட்டாங்க. இண்டிகேட்டர் டிக் டிக்குன்னு அடிக்கற சத்தம் மட்டும். அது ஒண்ணுக்கே டிக்கெட் காசு தகும்."

இரண்டு முறை பார்த்தவளுக்கு அது காதில் விழவே இல்லை. பரவாயில்லையே என்று நினைத்தாள். சரி என்ற சொல் அப்போதே பாதி தொண்டைக்கு வந்துவிட்டது.

மீதிப் பாதி போத்தனூரில் சிக்கிக்கொண்டது.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஹர்ஷாவின் அம்மா வெங்கடலட்சுமி இரண்டாவது தடவை பாயசம் ஊற்றிவிட்டு, மூன்றாவது தடவை கேட்காமலேயே ஊற்றினார். மூன்று இருபதுக்கு முன்னறையில் இசைத்தட்டு ஏறியது.

"இதை வாசிச்சவரு நார்வேக்காரருங்க. மீன் ஆலையில எலக்ட்ரீஷியன்," ஹர்ஷா குரலைத் தாழ்த்தினான். "எம்பத்து நாலுல தானே ஒரு சின்தசைசர் வாத்தியம் செஞ்சு, ஊட்டுலயே வாசிச்சுப் பதிவு பண்ணியிருக்கார். இருநூறு கேசட். அதோட எல்லாரும் மறந்துட்டாங்க. இப்ப அவரு மக பரண்ல ஒரிஜினல் டேப்பைக் கண்டுபிடிச்சு, ஒரு சின்னக் கம்பெனி மறுபதிப்பாப் போட்டிருக்குது. உலகத்துக்கே முந்நூறு தட்டுதான்."

அதைப் பற்றி இணையத்தில் நீளமாக ஒரு பாராட்டும் எழுதியிருந்தான். நானூற்றுப் பன்னிரண்டு விருப்பங்கள். வருகிற சனிக்கிழமை ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையில் முப்பது பேருக்கு இதே தட்டை ஒலிக்கவிட்டுப் பேசப் போகிறான்.

முள் இறங்கியது. பழக்கதோஷத்தில் சாய்ப்ரியா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்: மூன்று இருபத்தைந்து.

இசை அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. பனிக்குள் யாரோ விளக்கை ஏந்திக்கொண்டு மெல்ல நடந்து போகிற மாதிரி. அடியில் தூரத்தில் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். "அதுதான் துக்கம்," என்று ஹர்ஷா காதோரம் சொன்னான். கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருந்தானாம்.

சாய்ப்ரியாவின் முதுகு நிமிர்ந்தது.

சத்தம் சரியில்லை.

என்ன சரியில்லை? தெரியவில்லை. மின்னழுத்தம் குறைந்த மோட்டார் மாதிரி எல்லாமே ஒரே அளவாகத் தொய்ந்திருந்தது. கண் மறுபடி கடிகாரத்துக்குப் போனது. பக்கம் முடியும்போது மணி மூன்று நாற்பத்து மூன்று. பதினெட்டு நிமிடம்.

உறையைத் திருப்பினாள். எல்லாம் நார்வே மொழி. எண்களுக்கு மொழி ஏது? முதல் பக்கம்: 13.20.

சொல்லாதே, என்றது அம்மாவின் குரல்.

சொல்லாவிட்டால்? சனிக்கிழமை முப்பது பேர். அதில் ஒருவனாவது விஷயம் தெரிந்தவனாக இருப்பான். எல்லார் முன்னாலும் கேட்பான். அதைவிட மோசம், யாருமே கேட்கமாட்டார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி படத்தில் இரண்டேகால் மணி நேரம் ஓட்டலாம். வாழ்க்கை முழுக்க ஓட்ட முடியுமா?

"ஏனுங்க," என்றாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"தட்டு தப்பான வேகத்துல ஓடுதுன்னு நினைக்கறேன்."

ஹர்ஷா சிரித்தான். "இந்த இசையே அப்படித்தானுங்க. மெதுவாத்தான் போகும்."

"உறையில பதிமூணு நிமிசம் இருபது செகண்டுன்னு போட்டிருக்குது. பதினெட்டு நிமிசம் ஓடுச்சுங்க."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"பதினெட்டைப் பதிமூணு இருபதால வகுத்தா ஒண்ணு புள்ளி முப்பத்தஞ்சு. உங்க பெட்டியில முப்பத்து மூணு, நாப்பத்தஞ்சுன்னு ரெண்டு வேகம் இருக்குது. நாப்பத்தஞ்சை முப்பத்து மூணு... சரியாச் சொன்னா முப்பத்து மூணு புள்ளி மூணால வகுத்துப் பாருங்க. அதுவும் ஒண்ணு புள்ளி முப்பத்தஞ்சுதான். அச்சுப் பிழை இவ்வளவு கணக்கா வருமுங்களா?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

உறையைப் பிடுங்காத குறையாக வாங்கினான். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தான். கீழ் ஓரத்தில், எறும்பு சைஸில், 45. நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. ஒரு ரயில் கூவிக்கொண்டு போத்தனூர் ஜங்ஷனுக்குள் நுழைந்தது. அது கடந்து போகும்வரை அவன் உறையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போச்சு. பெருந்துறை நம்பர் டூ என்று சாய்ப்ரியா கைப்பையைத் தேடினாள்.

ஹர்ஷா போய் வேக விசையை நாற்பத்தைந்துக்குத் தட்டினான். முள்ளை முதலிலிருந்து வைத்தான்.

பனி விலகிய மாதிரி இருந்தது. அதே சுரங்கள்தான், ஆனால் இப்போது துள்ளின. விளக்கோடு மெல்ல நடந்தவர் சைக்கிளில் ஏறிவிட்டார். அடியிலிருந்த அந்தச் செருமல்?

குழந்தை. இரண்டு மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து கெக்கேபிக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தது.

ஹர்ஷா தரையில் உட்கார்ந்துவிட்டான். "டேப்பைக் கண்டுபிடிச்ச மகளுங்க," என்றான். "அந்தப் பாப்பாதான் இது. நான் இதைத் துக்கம்னு மூணு பத்தி எழுதியிருக்கறேன். மூணு பத்தி!"

தோள் குலுங்கியது. அழுகிறானா? இல்லை. தியேட்டரில் இளநீர்க் கடைக்குச் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தான்.

சத்தம் கேட்டு வெங்கடலட்சுமி காபியோடு வந்தார். "இப்பத்தான் பாட்டு மாதிரி இருக்குது. மூணு வாரமாக் கரண்டு கம்மியா வருதோன்னு நினைச்சேன்."

"ஏம்மா சொல்லலை?"

"நீ கண்ணை மூடிட்டு நெம்ப ரசிச்சுட்டு இருந்தியே. எதுக்குச் சங்கடப்படுத்தோணும்னு உட்டுட்டேன்."

"பாத்தீங்களா?" ஹர்ஷா அவள் பக்கம் திரும்பினான். "இந்த ஊர்ல முப்பது வருசமா எங்கிட்ட யாரும் எதையும் சொன்னதில்லைங்க. நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க, அவ்வளவுதான். நீங்க வந்து ரெண்டு மணி நேரத்துல..." முடிக்காமல் மடிக்கணினியைத் திறந்து, கட்டுரையின் தலையிலேயே தட்டினான்: மூன்று வாரமாகத் தப்பான வேகத்தில் கேட்டு எழுதியது. கண்டுபிடித்துச் சொன்னவர் சாய்ப்ரியா.

"பேரெல்லாம் வேண்டாமுங்க!"

"போட்டாச்சுங்க."

நாலு இருபது. போன் அடித்தது.

"என்ன கண்ணு? என்ன சொல்லட்டும்?" அம்மாவின் குரலில் பதற்றம்.

"சரின்னு சொல்லிருங்கம்மா."

"நிசமாலுமா? நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சாச்சுங்கம்மா. கணக்குப் போட்டும் பாத்தாச்சு."

போனை வைத்தாள். ஹர்ஷா காபி டம்ளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வெங்கடலட்சுமி கேட்காத மாதிரி அவசரமாக உள்ளே போனார். பூஜை அறையில் மணிச் சத்தம் கேட்டது.

"இன்னொண்ணும் சொல்லிப்போடறேனுங்க," என்றாள் சாய்ப்ரியா. "எனக்கென்னமோ மெதுவா ஓடினதுதான் நெம்பப் புடிச்சுது."

"அதெப்படிங்க! அவர் வாசிச்ச வேகம் இதுதானே?"

"வாசிச்சது அவரு. கேக்கறது நானுங்க."

"அந்தக் குழந்தை சிரிப்பு?"

"அது நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பனி போயிருச்சே."

ஹர்ஷா வாதாடுவதற்குச் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். பிறகு ஏதோ யோசித்தவனாக எழுந்து, தட்டைத் திருப்பிப் போட்டான். இரண்டாம் பக்கம். விரல் விசையின் மேலேயே நின்றது.

"எந்த வேகத்துல வைக்கட்டுமுங்க?"

"முதல்ல உங்களுது," என்று அவள் பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள். "பொறகு என்னுது."